உதைக்கிற கணக்கு

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே
ரோப் கார் இழுப்பது என் வேலை.
அந்தக் குளிர்காலம் மின்சாரம் நின்றது.
பதினேழு பெட்டிகள் அந்தரத்தில்,
பேச்சை நடுவில் விட்டுப் போனதுபோல.
கீழே க்விரிலா ஆறு
மாங்கனீசுக் கரியோடு கறுத்து ஓடியது.
அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை.

வேலை போனவன் எங்கே போவான்?
ரொட்டி வரிசைக்குப் போனேன்.
வரிசை கலைந்ததும் நூலகத்துக்குப் போனேன்.
அங்கே ஓர் இரும்பு அடுப்பு இருந்தது, அவ்வளவுதான்.
படிக்கிறவன் என்று
என்னை யாரும் எழுதிவைக்க வேண்டாம்.

சியாலா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.
மை உறைந்துவிடும்.
முத்திரைப் பெட்டியை அக்குளில் இடுக்கி
இளகியதும் எடுத்துத் தேதி குத்துவாள்.
எதிரே சுரங்கத்து ஆட்கள், ஒரு செவிலி,
பள்ளி மூடிய பிள்ளைகள்;
எல்லோர் கையுறையிலும்
பக்கம் புரட்ட ஒரு விரலுக்கு மட்டும் ஓட்டை.

ஜனவரியில் விறகு தீர்ந்தது.
நகராட்சி ஆள் வந்து அடுப்பைப் பார்த்தான்,
புத்தகங்களைப் பார்த்தான்.
"இதில் பழசு எது?"
அவள் எழுந்தாள்.
தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தலைகீழாக்கி
கோடரியை என் கையில் கொடுத்தாள்.

மேசைகள் முதலில்.
பிறகு அலமாரிகள்.
ஓக் மரம் நின்று எரியும்.
அனி, பனி, கனி என்று
எழுத்துவாரியாகப் புகைபோக்கி வழியே போயிற்று
எங்கள் ஜார்ஜிய நெடுங்கணக்கு.

புத்தகங்கள் தரையில் கிடந்தன,
வண்டி வராத ரயில் நிலையத்துச் சனம்போல.
"ஈரம் ஏறிவிடும்" என்றாள்.
"ஆளுக்குப் பத்து எடுத்துப் போங்கள்.
எதுவென்று பார்க்காதீர்கள்."

சறுக்குவண்டியில் கட்டி இழுத்தோம்.
லிப்ட் நின்ற கட்டடங்களில்
ஏழாம் மாடிவரை சுமந்தோம்.
ரேவாஸுக்குத் தேனீ வளர்ப்பு வந்தது;
தேனீ என்று சொன்னாலே அவனுக்கு முகம் வீங்கும்.
எனக்கு வந்ததில் மூன்று பல் மருத்துவம்.
நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில் வேறென்ன செய்ய?
கடைவாய்ப் பல்லுக்கு எத்தனை வேர்
என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அன்ஸோர் எங்கள் ஊர் எழுத்தாளன்.
ஒரே நாவல். நூலகத்தில் ஒரே பிரதி.
தேதித் தாளில் ஒரு முத்திரையும் விழுந்ததில்லை.
மாதம் ஒருமுறை வந்து
பின்னட்டையைத் திறந்து பார்த்து மூடிப்போவான்.
அது ரொட்டி சுடும் நாஸிப்ரோலா வீட்டுக்குப் போயிருந்தது,
யாரும் பார்த்துக் கொடுக்கவில்லை.

மே மாதம் கம்பிக்கு உயிர் வந்தது.
என் முதல் பெட்டியில் ஏறியது ஆளில்லை,
மேல்கரையிலிருந்து நூற்று நாற்பது புத்தகங்கள்.
குழந்தை வண்டியில் வந்தன, மாவுச் சாக்கில் வந்தன.
சியாலா மண்டியிட்டு எண்ணினாள்.
போனது நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
வந்தது நாலாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.
கணக்கு உதைத்தது.
மறுபடி எண்ணினாள். மறுபடியும் உதைத்தது.

முத்திரையில்லாதவை பிறகுதான் கண்ணில் பட்டன:
கையால் எழுதிய ஒரு சமையல் நோட்டு,
செத்துப்போன தகப்பன் பெயர் கீறிய அல்ஜீப்ரா,
சுகுமியிலிருந்து ஓடிவந்த குடும்பம்
பையில் போட்டுவந்த ஒரே புத்தகம்.
பதிவேட்டில் எழுதினாள்:
மிகை நூற்று இருபத்தேழு.
காரணம் என்ற கட்டத்தில்: குளிர்.

அன்ஸோரின் நாவலும் வந்தது.
ஓரமெல்லாம் மாவு விரல்கள்.
அறுபத்தோராம் பக்கத்தில் மூலை மடிப்பு.
அங்கே அவன் நாயகன்
ரொட்டியைக் கத்தியால் அறுக்கிறான்.
பென்சிலால் அடித்து, மேலே திருத்தம்:
கையால் பிட்டான்.

அன்ஸோர் உட்கார இடம் தேடினான்.
நாற்காலி எதுவும் மிச்சமில்லை.
ஒரு புத்தகக் குவியலின்மேல் உட்கார்ந்தான்.
சியாலா பார்த்தாள். எழுப்பவில்லை.

அந்தப் பதிவேட்டில் ஒரு பிழை உண்டு.
மிகை நூற்று இருபத்தெட்டு.
பல் மருத்துவம் இரண்டாம் பாகம்
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.